கத்தி வைக்காமல் எவ்வளவு தூரம் போகலாம்? – பெரியவர்களின் கடுமையான கடிப்புக் கோளாறு

மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று சேராத குறையுடன் முப்பது, நாற்பது வயதைத் தொட்டவர்கள் பல் மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒரு பதில் கிடைக்கும். "தாடையை அறுத்து வைத்தால்தான் உண்டு" என்பார் ஒருவர். "கிளிப் போட்டாலே எல்லாம் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். இரண்டு பதிலும் சிலருக்குப் பொருந்தும், சிலருக்குப் பொருந்தாது. உங்களுக்கு எது பொருந்தும் என்று மருத்துவருடன் உட்கார்ந்து பேசித் தெளிய வேண்டிய விவரங்களைத் தருவதே இந்த அத்தியாயத்தின் வேலை.

அடிப்படை ஒன்றை முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கம்பி பல்லை நகர்த்தும். வளர்ச்சி முடிந்துவிட்ட தாடையை நகர்த்தாது. ஆகவே அறுவை இல்லாத சிகிச்சையில் கிடைப்பது சரியான கடிப்பு. புதிய தாடை அல்ல. எலும்பில் உள்ள குறையைப் பல்லின் இடமாற்றத்தால் ஈடுகட்டுகிறோம், அவ்வளவுதான். முறுக்கை முன்பல்லால் கடிக்க முடியவில்லை, பேச்சில் காற்று கசிகிறது, கீழ்ப்பல் அண்ணத்தில் குத்திப் புண்ணாகிறது, வெட்டுப்பல் தேய்கிறது என்பவை உங்கள் குறைகளானால் இந்த ஈடுகட்டல் பெரும்பாலும் போதும். "மோவாய் நீண்டிருக்கிறது", "பக்கவாட்டில் பார்த்தால் கீழ்த்தாடையே இல்லாதது போல் இருக்கிறது", "முகம் ஒரு பக்கம் கோணுகிறது" என்பவை குறைகளானால் கம்பி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் மனம் நிறையாது. எந்தக் குறைக்காக வந்திருக்கிறீர்கள் என்பதை முதல் சந்திப்புக்கு முன்பே ஒரு தாளில் எழுதிவையுங்கள். சிகிச்சையின் திசையைத் தீர்மானிப்பதில் எக்ஸ்ரேவுக்கு இணையான பங்கு அந்தத் தாளுக்கு உண்டு.

கோளாறு பல்லிலா, எலும்பிலா?

அமெரிக்கப் பல் மருத்துவர் எட்வர்ட் ஆங்கிள் 1899-இல் வகுத்த பாகுபாட்டையே இன்றும் மருத்துவர்கள் பேசுகிறார்கள். மேல் முதல் கடைவாய்ப்பல்லின் முன்புற வெளிமுகடு, கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் வெளிப்புறப் பள்ளத்தில் பொருந்தி உட்கார்ந்தால் கிளாஸ் 1. கீழ்ப்பல் அதைவிடப் பின்னால் இருந்தால் கிளாஸ் 2. முன்னால் இருந்தால் கிளாஸ் 3. நாம் எத்துப்பல் என்று சொல்வதில் கடுமையானவை பெரும்பாலும் கிளாஸ் 2-இல் வரும். கீழ்ப்பல் வரிசை மேல்வரிசைக்கு வெளியே நிற்பது கிளாஸ் 3.

ஆனால் ஆங்கிள் பார்த்தது பல்லை மட்டும். ஒரே கிளாஸ் 2 கடிப்பு, மேல்பற்கள் முன்னே சாய்ந்ததாலும் வரலாம், கீழ்த்தாடை வளராமல் பின்தங்கியதாலும் வரலாம். முதல் வகை கம்பிக்கு எளிது. இரண்டாம் வகையில்தான் இந்த அத்தியாயத்தின் சிக்கல்கள் எல்லாம்.

மருத்துவரைப் பார்க்கும் முன் வீட்டில் கண்ணாடி முன் நின்று மூன்றைக் கவனியுங்கள். வாயை இயல்பாக மூடிக் கடைவாய்ப்பற்களைச் சேருங்கள். மேல் வெட்டுப்பல் கீழ் வெட்டுப்பல்லுக்கு முன்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? 2 முதல் 3 மி.மீ. வரை இயல்பு. அடுத்து, மேல்பல் கீழ்ப்பல்லை எவ்வளவு மறைக்கிறது? இதுவும் 2–3 மி.மீ.தான் இருக்க வேண்டும். முழுவதும் மறைத்தால் ஆழக்கடிப்பு, நடுவில் இடைவெளி தெரிந்தால் திறந்த கடிப்பு. மூன்றாவதாக, பக்கவாட்டில் யாரையாவது ஒரு படம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள். உதடுகளை இறுக்காமல் வாய் மூடுகிறதா, மோவாய் எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதில் தெரியும்.

கீழ்ப்பல் வெளியே நிற்பவர்கள் இன்னொன்றும் செய்து பார்க்கலாம். கீழ்த்தாடையைத் தளரவிட்டு மெல்லப் பின்னுக்குக் கொண்டுபோய், மேல் வெட்டுப்பல்லின் விளிம்பும் கீழ் வெட்டுப்பல்லின் விளிம்பும் முட்டும்படி வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் நல்ல செய்தி. ஏதோ ஒரு பல் இடிப்பதால் ஒவ்வொரு முறை கடிக்கும்போதும் தாடை முன்னால் வழுக்கிப் போகிறது என்று பொருள். கோளாறு கண்ணுக்குத் தெரிவதைவிடச் சிறியது. கண்ணுக்கு மிகக் கடுமையாகத் தோன்றி, கத்தியில்லாமலே நன்றாகத் திருந்துகிற கிளாஸ் 3 கடிப்புகளில் பல இந்த வகையைச் சேர்ந்தவை.

ஓர் எச்சரிக்கை. சிறுவயதிலிருந்தே இருக்கும் கோளாறு வேறு, வளர்ந்த பிறகு மாறிக்கொண்டே போகும் கடிப்பு வேறு. முன்பு சேர்ந்திருந்த முன்பற்கள் இப்போது விலகுகின்றனவென்றால் தாடை மூட்டு தேய்கிறதா, முடக்குவாதம் உண்டா என்று பார்க்க வேண்டும். கீழ்த்தாடை நடுவயதில் வளர்வது போல் தெரிந்து, மோதிரமும் செருப்பும்கூட இறுகத் தொடங்கினால் முதலில் பார்க்க வேண்டியவர் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். பிட்யூட்டரிச் சுரப்பிக் கட்டியால் வளர்ச்சி ஹார்மோன் கூடியிருக்கலாம். காரணத்தை நிறுத்தாமல் கம்பி கட்டினால் பல் ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமும் போகும்.

அளவெடுக்காமல் முடிவெடுக்கக் கூடாது

முதல் சந்திப்பிலேயே வாயை ஒரு முறை திறந்து பார்த்து "ஆபரேஷன் வேண்டாம்" என்றோ "கட்டாயம் வேண்டும்" என்றோ சொல்வது சரியல்ல. பல் அச்சு அல்லது ஸ்கேன், முகப் படங்கள், எல்லாப் பற்களையும் காட்டும் ஓ.பி.ஜி., தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேவான செஃபலோகிராம் ஆகியவை இல்லாமல் திட்டம் போட முடியாது. வெட்டுப்பல்லை வெகுதூரம் நகர்த்த வேண்டியிருந்தாலோ, ஈறு நோயால் எலும்பு குறைந்திருந்தாலோ, முப்பரிமாண எக்ஸ்ரேவான சி.பி.சி.டி.யும் கேட்பார்கள். பல்லுக்கு முன்னும் பின்னும் எலும்பு எவ்வளவு தடிமன் என்று அதில்தான் தெளிவாகத் தெரியும்.

செஃபலோகிராம் 1931 முதல் புழக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் பிராட்பென்ட்டும் ஜெர்மனியில் ஹோஃப்ராத்தும் தனித்தனியே இதை உருவாக்கினார்கள். அதில் கோடுகள் வரைந்து கோணங்களை அளப்பார்கள். அறிக்கையில் ஏ.என்.பி. என்ற கோணத்தைத் தேடுங்கள். மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் உள்ள முன்பின் வேறுபாட்டை அது காட்டும். இயல்பு ஏறத்தாழ 2 பாகை. கூடக் கூடக் கீழ்த்தாடை பின்தங்கியது, குறைந்து மைனசுக்குப் போனால் கீழ்த்தாடை முந்தியது. அடுத்தது, கீழ் வெட்டுப்பல் தாடையின் மீது நிற்கும் சாய்வு. 90 பாகை அளவில் இருப்பது இயல்பு.

அறுவை தேவைப்பட்டவர்களையும் கம்பியோடு முடிந்தவர்களையும் ஒப்பிட்டு, கிளாஸ் 3-க்கு ஓர் எல்லைக்கோட்டைக் கெர் குழுவினர் 1992-இல் முன்வைத்தார்கள். ஏ.என்.பி. மைனஸ் 4 பாகைக்கும் கீழே போய், கீழ் வெட்டுப்பல் ஏற்கெனவே 83 பாகைக்கும் கீழே உட்சாய்ந்திருந்தால் அறுவைப் பக்கம் தட்டு சாய்கிறது. கிளாஸ் 2-இல், வளர்ச்சி முடிந்தவருக்கு மேல்பல் 10 மி.மீ.க்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பது அதே போன்ற ஓர் அடையாளம். இவை வழிகாட்டும் எண்கள், தீர்ப்பு அல்ல. உங்கள் எண் எந்தப் பக்கத்தில், எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பல் எப்படி நகர்கிறது, எங்கே நிற்கும்?

பல்வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஏறத்தாழ 0.2 மி.மீ. தடிமனுள்ள நார்ச்சவ்வு இருக்கிறது. கம்பி மெல்லத் தள்ளும்போது, அழுத்தம் விழும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் அணுக்கள் வேலை செய்கின்றன. இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் அணுக்கள் வேலை செய்கின்றன. பல் இருக்கும்வரை இந்த வேலை எந்த வயதிலும் நடக்கும். ஐம்பது வயதிலும் பல் நகரும். தொடக்கம் சற்று மெதுவாக இருக்கும், அவ்வளவே. இடைவெளியை மூடும் கட்டத்தில் மாதத்துக்கு 1 மி.மீ. என்பதே நல்ல வேகம். விசையைக் கூட்டினால் வேகம் கூடாது. சவ்வில் ரத்த ஓட்டம் நின்று, பல் நகராமல் முரண்டுபிடிக்கும், வேரும் தேயும். "சீக்கிரம் முடிக்க இறுக்கிக் கட்டுங்கள்" என்று கேட்காதீர்கள்.

நகர்வுக்கு எல்லை உண்டு. வில்லியம் புரொஃபிட்டும் ஜேம்ஸ் ஏக்கர்மேனும் வகுத்த எல்லை வரைபடம் இத்துறையில் எல்லாரும் கற்பது. அதன்படி, கம்பியால் மட்டும் மேல் வெட்டுப்பல்லை 7 மி.மீ. வரை பின்னுக்கு இழுக்கலாம், ஆனால் முன்னுக்கு 2 மி.மீ.தான் தள்ளலாம். கீழ் வெட்டுப்பல்லை 5 மி.மீ. முன்னுக்கும் 3 மி.மீ. பின்னுக்கும் கொண்டுபோகலாம். அதைத் தாண்டினால் வேர் எலும்புக்கு வெளியே எட்டிப்பார்க்கும், ஈறு இறங்கும். கீழே சொல்லப்போகும் நங்கூரத் திருகு இந்த எல்லையைச் சில திசைகளில் கொஞ்சம் விரித்திருக்கிறது. எலும்பின் தடிமனை மாற்றவில்லை.

நங்கூரத் திருகு

பெரியவர்களின் கடுமையான கோளாறுகளில் கத்தியைத் தவிர்க்க முடிந்ததற்கு முக்கியக் காரணம் இந்தச் சிறிய திருகு. மருத்துவமனையில் மினி ஸ்க்ரூ என்பார்கள். முன்பல்லைப் பின்னால் இழுக்கக் கடைவாய்ப்பல்லைப் பிடித்து இழுத்தால், கடைவாய்ப்பல்லும் முன்னே வரும். பிடிமானம் எலும்பிலேயே இருந்தால் அந்த நட்டம் இல்லை. 1983-இல் கிரீக்மோர், எக்லண்ட் இருவரும் மேல்தாடையில் ஒரு திருகைப் பொருத்தி வெட்டுப்பல்லை உள்ளே ஏற்றிக்காட்டினார்கள். 1997-இல் ஜப்பானின் கனோமி சிறிய திருகுகளைப் பற்றி எழுதிய பிறகே இது பரவியது.

திருகின் விட்டம் 1.2 முதல் 2 மி.மீ., நீளம் பெரும்பாலும் 6 முதல் 12 மி.மீ. மரத்துப்போகும் ஊசி போட்டுச் சில நிமிடங்களில் வைத்துவிடுவார்கள். பல்வேர்களுக்கு நடுவே, கன்ன எலும்பின் அடியில், கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு வெளியே உள்ள எலும்புத் திட்டில் என்று இடம் மாறும். வேலை முடிந்ததும் எளிதாகக் கழற்றிவிடலாம். பத்தில் ஒன்றிரண்டு திருகுகள் தளர்ந்து ஆடுவது சாதாரணம். அப்படி ஆனால் எடுத்துவிட்டு வேறிடத்தில் வைப்பார்கள், பயப்பட வேண்டாம். திருகைச் சுற்றி ஈறு வீங்கினால் தளர்வு தொடங்கலாம். மெல்லிய பிரஷ்ஷால் அதன் தலையைச் சுற்றித் தினமும் துடையுங்கள்; நாக்காலோ விரலாலோ ஆட்டிப் பார்க்காதீர்கள்.

கோளாறுக்கு ஏற்ற வழி

*மேல்பல் வெகுவாக முன்தள்ளல்.* மேலே இரண்டு பக்கமும் கோரைப்பல்லுக்கு அடுத்த முன்கடைவாய்ப்பல்லை எடுத்து, அந்த இடத்துக்குள் ஆறு முன்பற்களையும் பின்னிழுப்பது வழக்கமான முறை. ஒரு கணக்கைப் பாருங்கள். மேல்பல் 9 மி.மீ. நீட்டியிருக்கிறது. இயல்புக்குக் கொண்டுவர 6 முதல் 7 மி.மீ. பின்னே போக வேண்டும். எடுத்த பல்லின் அகலம் ஏறத்தாழ 7 மி.மீ. கடைவாய்ப்பல் 2 மி.மீ. முன்னே வழுக்கினால்கூட 5 மி.மீ.தான் மிஞ்சும், பல் வரிசையில் நெருக்கமும் இருந்தால் அதுவும் குறையும். இத்தகையவருக்குத் திருகு இல்லாமல் திட்டம் போட்டால் பாதியில் இடம் தீர்ந்துவிடும். "இடம் எத்தனை மி.மீ. வேண்டும், எங்கிருந்து வரும்?" என்று கேளுங்கள். முடிவில் கோரைப்பற்கள் சரியாகப் பொருந்தும், கடைவாய்ப்பற்கள் கிளாஸ் 2-இலேயே நிற்கும். அது குறையல்ல, திட்டமே அதுதான்.

கீழ்த்தாடை மிகச் சிறிதாக இருப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். பலத்த குறட்டை, தூக்கத்தில் மூச்சு நின்று திணறி விழிப்பது, பகலில் தூங்கி வழிவது உண்டா? உண்டென்றால் பல் எடுக்கும் முடிவுக்கு முன் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பல்லைப் பின்னிழுப்பது மூச்சுப்பாதையை விரிக்காது. தாடையை முன்னே கொண்டுவரும் அறுவை விரிக்கும். மூக்கு நீண்டு, மேலுதடு ஏற்கெனவே உள்வாங்கியவருக்கும் பல்லைப் பின்னிழுத்தால் முகம் வாடித் தெரியும்.

*கீழ்ப்பல் வெளியே நிற்பது.* கீழ்ப் பல்வரிசை முழுவதையும் திருகைப் பிடிமானமாகக் கொண்டு பின்னுக்கு நகர்த்துவது இப்போதைய வழி. இதற்காகப் பெரும்பாலும் முதலில் ஞானப்பற்களை எடுத்துவிடுவார்கள். இல்லையேல் கீழே முன்கடைவாய்ப்பற்களையோ, சிலருக்கு ஒரே ஒரு வெட்டுப்பல்லையோ எடுப்பார்கள். மேலிருந்து கீழே பூட்டும் ரப்பர்களும் கூடவே இருக்கும். இயற்கையே இந்தக் கோளாறை ஈடுகட்ட, கீழ் வெட்டுப்பற்களை ஏற்கெனவே உள்ளே சாய்த்திருக்கும். மேற்கொண்டு சாய்க்க இடம் இருக்கிறதா என்பதே முக்கியக் கேள்வி. மோவாய் எலும்பு மெல்லியதாகவும் ஈறு இறங்கியும் இருப்பவருக்கு மருத்துவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தை மதியுங்கள்.

*திறந்த கடிப்பு.* கடைவாய்ப்பல் சேர்ந்தும் முன்பற்கள் சேராத நிலை. பூ கட்டும்போது நாரைப் பல்லால் கடித்து அறுக்க முடியாது, இடியாப்பம்கூட முன்பல்லில் அகப்படாது. திருகு வந்ததால் அதிகம் பயன்பெற்றது இந்தக் கோளாறுதான். கதவின் கீலுக்குப் பக்கத்தில் சிறு கல் சிக்கினால் கதவு நுனியில் கைநுழையும் இடைவெளி விழும். கடைவாய்ப்பல் சற்றே உயர்ந்து நிற்பதும் அப்படித்தான். கடைவாய்ப்பல்லைத் திருகின் உதவியால் எலும்புக்குள் 1 மி.மீ. ஏற்றினால் முன்னால் 2 முதல் 3 மி.மீ. வரை மூடும். கீழ்த்தாடை சுழன்று மேலேறுவதால் மோவாயும் சற்று முன்வரும், நீண்ட முகம் கொஞ்சம் குறுகும். கம்பி சிகிச்சையில் முகவெட்டே மாறும் வாய்ப்பு இங்குதான் உண்டு. ஜப்பானில் உமெமோரி, சுகவாரா குழுவினர் 1999-இல் டைட்டானியத் தகடுகளை எலும்பில் பொருத்தி இதைச் செய்துகாட்டினார்கள். அதற்கு முன்பே, 1987-இல் யங் கிம் பல வளைவுகள் கொண்ட கம்பியும் முன்பக்க ரப்பரும் வைத்து மூடும் முறையை வெளியிட்டிருந்தார். அதில் ரப்பரைக் கழற்றாமல் போடும் நோயாளியின் ஒழுங்கே பாதி சிகிச்சை.

கடைவாய்ப்பல்லை ஏற்றுவதன் பலவீனம், அது மீள்வது. ஏற்றிய அளவில் ஏறத்தாழ கால்பங்கு திரும்ப இறங்கலாம். அதில் பெரும்பகுதி முதல் ஆண்டிலேயே நடக்கும். நாக்கை முன்பற்களுக்கு நடுவே தள்ளி விழுங்கும் பழக்கம் இருந்தால், அதை மாற்றும் பயிற்சியும் வேண்டும்.

*மேல்தாடை குறுகி, பக்கப்பற்கள் உள்ளே கடிப்பது.* அண்ணத்தின் நடுக்கோட்டு இணைப்பை வளரும் வயதில் எளிதாக விரிக்கலாம். பெரியவர்களுக்கு இதற்கு அறுவை தேவைப்பட்டது. தென்கொரியாவின் யொன்செய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லீ குழுவினர் 2010-இல், அண்ணத்தில் திருகுகளால் பொருத்திய விரிப்பானைக் கொண்டு 20 வயதுக்காரர் ஒருவருக்கு அறுவையின்றி விரித்ததை வெளியிட்டார்கள். முன்பற்களின் நடுவே இடைவெளி விழுந்தால் இணைப்பு பிரிந்ததற்கு அடையாளம். அதைப் பின்னர் மூடுவார்கள். வயது கூடக் கூட, குறிப்பாக ஆண்களுக்கு, பிரியாமல் போகும் வாய்ப்பு கூடும். அப்படியானால் அடுத்து என்ன என்று முன்கூட்டியே பேசிவையுங்கள்.

அலைனர் போதுமா?

கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற அலைனர் ஒவ்வொன்றும் பல்லை ஏறத்தாழ 0.25 மி.மீ. நகர்த்தும். நாளுக்கு 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும். மிதமான திறந்த கடிப்புக்கு இது நன்றாகவே ஒத்துவரும். பல் எடுத்த இடத்தை வேரோடு நேராக நகர்த்தி மூடுவதில் கம்பிக்குத்தான் பிடி அதிகம். கடுமையான கோளாறில் அலைனருடன் திருகும் ரப்பரும் சேர்ப்பார்கள், சிலருக்கு நடுவில் கம்பியும் வரும். கம்ப்யூட்டர் திரையில் ஓடும் முன்னோட்டப் படத்தை வாக்குறுதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பற்கள் அப்படியே கேட்டு நடப்பதில்லை. முதல் தொகுதி முடிந்ததும் மறுபடி ஸ்கேன் எடுத்துக் கூடுதல் அலைனர் செய்வது வழக்கம். அதற்குத் தனிக் கட்டணம் உண்டா என்று முன்பே கேளுங்கள்.

இரு பாதைகளும் எதிரெதிர்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால், இதை வையுங்கள். "முதலில் கம்பி போட்டுப் பார்ப்போம், சரிவராவிட்டால் ஆபரேஷன்" என்பது விவேகம் போல் தோன்றும். உண்மையில் அது இரட்டைச் செலவு.

கிளாஸ் 3-ஐ எடுத்துக்கொள்வோம். அறுவை இல்லாத வழியில் கீழ் வெட்டுப்பல்லை மேலும் உள்ளே சாய்க்கிறோம், மேல்பல்லை வெளியே சாய்க்கிறோம். அறுவைக்கு முந்தைய கம்பி சிகிச்சையில் இதற்கு நேர்மாறு: உள்ளே சாய்ந்த கீழ்ப்பல்லை நிமிர்த்தி வெளியே கொண்டுவருகிறோம். அப்போதுதான் தாடையைப் பின்னே வைக்கும்போது முழு அளவு கிடைக்கும். அதனால் அறுவைக்கு முன் சில மாதங்கள் கடிப்பு இன்னும் மோசமாகவே தெரியும். முதல் பாதையில் கீழ்ப் பல்லை எடுத்து இடத்தையும் மூடிவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து அறுவைக்கு மாறினால், மூடிய இடத்தைத் திறக்க வேண்டிவரும். பல்வேர்கள் ஒரே வழியில் போய்த் திரும்பி வந்த தேய்மானம் தனி. ஆகவே பல் எடுப்பதற்கு முன்பே பாதையை முடிவு செய்யுங்கள். எல்லைக்கோட்டில் இருப்பவர்கள் பல் சீரமைப்பு நிபுணரையும் தாடை அறுவை நிபுணரையும் ஒருமுறையாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அறுவை வேண்டாம் என்று முடிவெடுக்கவும் அறுவை நிபுணரின் கருத்து உதவும்.

தாடை மூட்டு வலிக்காக இந்தச் சிகிச்சைக்குப் போகாதீர்கள். கடிப்பைச் சரிசெய்தால் மூட்டு வலி போகும் என்று யாராலும் உறுதி தர முடியாது. வலியை முதலில் தணித்துவிட்டே கம்பி கட்ட வேண்டும்.

கம்பி ஏறும் முன்

பெரியவர்களுக்கு எதிரி வயதல்ல, ஈறு நோய். பல் துலக்கும்போது ரத்தம் வருபவருக்கு, சீழ் பிடித்த ஈறுள்ளவருக்கு, பல் ஆடுபவருக்கு முதலில் ஸ்கேலிங்கும் ஈறு சிகிச்சையும் முடிய வேண்டும். அழற்சியோடு பல்லை நகர்த்தினால் எலும்பு இன்னும் வேகமாகக் குறையும். ஈறு ஆறிய பிறகு, எலும்பு குறைந்த பல்லைக்கூட மெல்லிய விசையால் நகர்த்தலாம். சொத்தையும் வேர் சிகிச்சையும் பாக்கியிருந்தால் அவையும் முன்பே முடிய வேண்டும்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை: சர்க்கரை நோய், அதன் கட்டுப்பாட்டு அளவு, எலும்புத் தேய்மானத்துக்காக எடுக்கும் பிஸ்பாஸ்போனேட் அல்லது டெனோசுமாப் போன்ற மருந்துகள் (பல் எடுத்த இடம் ஆறாமல் போகலாம், பல் நகர்வதும் தடைபடும்), கர்ப்பம், புகை, பாக்கு. நெடுநாள் பாக்குப் பழக்கத்தால் கன்னத் தசை நாராகி வாய் திறப்பு குறைந்தவர்களுக்குக் கருவிகளைப் பொருத்துவதே கடினம். பழக்கத்தை நிறுத்தி, அதற்குரிய சிகிச்சையைத் தொடங்கிவிட்டு வாருங்கள்.

இரண்டு முதல் மூன்று ஆண்டுகள்

இந்த அளவுக் கோளாறுக்கு 24 முதல் 36 மாதம் பிடிக்கலாம். நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை போக வேண்டும். ஒவ்வொரு முறை இறுக்கிய பின்னும் இரண்டு மூன்று நாள் கடித்தால் கூசும். இட்லி, குழைந்த சாதம், ரசம் என்று ஓட்டிவிடலாம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். வேறு வலி மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்கினால் பல் நகர்வு மந்தமாகலாம். சீடை, கடலைமிட்டாய், கரும்பு, எலும்புக் கடி ஆகியவற்றைக் கம்பி கழற்றும்வரை ஒத்திவையுங்கள். ஆப்பிள், கொய்யாவை நறுக்கிச் சாப்பிடுங்கள். மஞ்சள் நிறைந்த குழம்பு, ரப்பர் வளையங்களின் நிறத்தை மாற்றும், அதனால் கேடில்லை.

ரப்பரை மருத்துவர் சொன்ன மணிக்கணக்கில் போடுங்கள். சாப்பிடும்போது மட்டும் கழற்றி, தினமும் புதிதாக மாட்டுங்கள். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாக மாட்டி ஈடுகட்டக் கூடாது. ஃபுளோரைடு பேஸ்ட், பல்லிடுக்கு பிரஷ், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் கொப்பளிப்பு – இவை தவறினால் கம்பி கழற்றும்போது பல்லில் வெள்ளைத் திட்டுகள் எஞ்சும்.

எச்சரிக்கையாகக் கண்காணிக்க வேண்டியது வேர்த் தேய்மானம். ஓரிரு மி.மீ. குறைவது பலருக்கும் நடக்கும், பாதிப்பில்லை. நூற்றில் சிலருக்கு மட்டும் கடுமையாகும். சிகிச்சை தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும் மருத்துவர் கவனமானவர். தேய்மானம் தெரிந்தால் சில மாதம் விசையை நிறுத்தி வைப்பார். நெருக்கமாக இருந்த பற்கள் நேரானதும் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே கறுப்பு முக்கோண இடைவெளி தெரியலாம். பெரியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். பல்லின் பக்கத்தைச் சற்றுத் தேய்த்து நெருக்கியோ, பல் நிறப் பூச்சு வைத்தோ குறைக்கலாம்.

ரிடெய்னர்

கம்பி கழற்றிய அன்று சிகிச்சை பாதிதான் முடிந்திருக்கும். ஈறின் நார்கள் புதிய இடத்துக்குப் பழக ஏறத்தாழ ஓராண்டு ஆகும். நாக்கும் உதடும் அதற்குப் பின்னும் தள்ளிக்கொண்டே இருக்கும். கடுமையான கோளாறு திருந்தியவர்களுக்குப் பல்லின் உட்புறம் ஒட்டிய மெல்லிய கம்பியும், கழற்றி மாட்டும் ரிடெய்னரும் சேர்த்தே வேண்டும். முதல் சில மாதம் பகலும் இரவும், பிறகு இரவில் மட்டும், ஆனால் ஆண்டுகள் கணக்கில். உட்கம்பியின் ஒரு முனை விட்டுப்போனால் தெரியாமலே பல் திரும்பிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

1. என் கோளாறில் எலும்பின் பங்கு எவ்வளவு? ஏ.என்.பி. என்ன, வெட்டுப்பல் சாய்வு என்ன?
2. அறுவையுடன், அறுவையின்றி – இரண்டு வழியிலும் முடிவு எப்படி இருக்கும்? பக்கவாட்டு முகத்தில் எது மாறும், எது மாறாது?
3. எந்தப் பற்கள் எடுக்கப்படும்? எடுக்காமல் திருகால் இடம் உண்டாக்க முடியாதா?
4. வெட்டுப்பல் எத்தனை மி.மீ. நகர வேண்டும்? அதற்கு எலும்பு இருக்கிறதா?
5. எந்த மாதத்தில், எதைப் பார்த்து, திட்டம் சரியாகப் போகிறதா என்று முடிவு செய்வீர்கள்?
6. கட்டணத்தில் திருகு, பல் எடுத்தல், எக்ஸ்ரே, ரிடெய்னர், விட்டுப்போன பிராக்கெட் (பல்லில் ஒட்டும் கம்பிப் பிடி) ஆகியவை அடங்குமா?
7. இடையில் ஊர் மாற நேர்ந்தால் பதிவுகளைத் தருவீர்களா?

இந்தியாவில் இதற்குரிய நிபுணர், பி.டி.எஸ். முடித்துப் பல் சீரமைப்பில் மூன்றாண்டு எம்.டி.எஸ். படித்தவர். பெயர்ப்பலகையில் அதைப் பாருங்கள். கடுமையான கோளாறை இந்தப் பயிற்சி இல்லாதவரிடமோ, வாய் அச்சை வீட்டுக்கு அனுப்பிப் பெற்று அலைனர் செய்து தருபவர்களிடமோ ஒப்படைக்காதீர்கள். செலவு தடையாக இருந்தால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியிலும், மற்ற பல் மருத்துவக் கல்லூரிகளிலும் உள்ள பல் சீரமைப்புத் துறைகளில் விசாரியுங்கள். தனியாரைவிடக் கட்டணம் வெகுவாகக் குறையும், காத்திருப்பு கூடும். அறுவை நிபுணரும் ஈறு நிபுணரும் அதே வளாகத்தில் இருப்பது கூடுதல் வசதி.

இரண்டாவது கேள்விக்கு மருத்துவர் இரு வழிகளையும் நேர்மையாக விரித்துச் சொல்லி, மாறாமல் போகும் தோற்றத்தையும் மறைக்காமல் காட்டியபின், "அது இருந்துவிட்டுப் போகட்டும், எனக்குக் கடிப்பு சரியானால் போதும்" என்று உங்களால் நிதானமாகச் சொல்ல முடிந்தால், கத்தியில்லாத வழி உங்களுக்கானது. சொல்ல வாய் தயங்கினால் இன்னும் ஒரு மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டு காத்திருந்த பற்கள் ஒரு மாதத்தில் எங்கும் போய்விடாது.